கல்லிற் பதிந்த செட்டை
தொல்லுயிரூழிப் பூச்சிகளின் உடலமைப்பும் பாகுபாடும்

பசறைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து நாடோறும் பதுளைக்கு வந்து படித்த மாணவனொருவன், சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாட் காலை, பழைய நாளிதழிற் பொதிந்த கல்லொன்றை என் மேசைமீது வைத்தான். மலைச்சரிவிற் கான் வெட்டிக்கொண்டிருந்த அவன் தந்தையாரின் மண்வெட்டியில் அது தட்டுப்பட்டதாம். வெளிறிய அக்கல்லின் பிளந்த முகத்திலே கரிய கோடுகள் கிளைகிளையாய்ப் பிரிந்து, மெல்லிய செட்டையொன்று விரிந்தாற்போலக் காட்சியளித்தன. "ஐயா, இது இலையா, பூச்சியின் செட்டையா?" என்று அவன் வினவினான். "பண்டைக்காலப் பூச்சியின் செட்டை போலும்" என்று யான் விடை கூறினேன். கல்லும் பெயர்ச்சீட்டுடன் ஆய்கூட அலுமாரியில் இடம்பெற்றது.

யான் கூறிய விடை பிழையானது. அக்கல்லிலே பூச்சியும் இல்லை, இலையும் இல்லை. அது பிழையென்பதை அறிய எனக்கு இரண்டாண்டுகள் சென்றன. அதற்குள் அம்மாணவன் கல்லூரியை விட்டு நீங்கிவிட்டான். மாணவனொருவன் நன்னோக்கத்தோடு கேட்ட வினாவிற்கு அரைகுறை அறிவோடு விடையிறுத்த ஆசிரியன், அவ்வினாவிற்குக் கடன்பட்டவனாவான். அக்கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை. உண்மையான தொல்பூச்சியின் செட்டை எத்தகையது? அஃது எவ்வகைக் கல்லிற் பதியும்? அதனைக் கண்டு அறிஞர் பூச்சியினங்களை எவ்வாறு வகுத்தனர்? ஊவாவின் கற்களில் அஃது ஏன் காணப்படாது? இவை ஈண்டு ஆராயப்படும்.

உயிர்களை வகுத்த மரபு

உயிர்களைப் பாகுபடுத்தியறியும் முயற்சி தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியத்து மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்துரைக்கின்றது. அங்கே சிதலும் எறும்பும் மூவறிவுயிர்களாகவும், நண்டும் தும்பியும் நாலறிவுயிர்களாகவும் வைக்கப்பட்டுள்ளன. புலன்களின் தொகையை அளவுகோலாகக் கொண்ட பாகுபாடு அது. இக்கால விலங்கியலார் கொள்ளும் அளவுகோல் வேறு. புலன்களின் எண்ணிக்கையை அவர் நோக்குவதில்லை. பொது மூதாதையிடமிருந்து வழிவந்த உறவையே நோக்குவர். அவ்வழியே ஆராய்ந்தோர், பூச்சிகள் நண்டு இறால் முதலியவற்றின் கிளையிலிருந்தே தோன்றியவை என்று கொள்கின்றனர். நண்டும் தும்பியும் ஒரே நூற்பாவில் அமைந்தமை தற்செயலே. எனினும் மாணவர் நினைவில் நிற்கத்தக்க தற்செயல்.

உயிருள்ள பூச்சியைக் கையிற் கொண்டு உறவு காண்பது ஓரளவு எளிது. மரபணுக்களையும் ஒப்புநோக்கலாம். முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் மாண்ட பூச்சிக்கோ மரபணுச் சான்று எதுவும் எஞ்சவில்லை. கல்லிற் பதிந்த வடிவமே அதற்குள்ள ஒரே சாட்சி. ஆகவே உடலமைப்பை நுணுகியறியாதார் அதனைப் பாகுபடுத்தப் புகுதல் இயலாது.

ஊவாவின் கற்கள்

தொல்லுயிரூழி என்பது ஏறக்குறைய 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 25 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த நீண்ட காலம். அதனுள் தெவோனியன், காபனிபெரசு, பேர்மியன் என்னும் இறுதி மூன்று காலங்களே பூச்சிகளின் வரலாற்றிற்கு உரியவை.

நமுனுகுல மலையும், ஹப்புத்தளை முகடும், எல்ல இடைவெளியின் செங்குத்துப் பாறைகளும் இலங்கையின் உயர்நிலத் தொகுதி எனப்படும் உருமாறிய பாறைகளால் ஆனவை. கருங்கல் என்று நாம் பொதுவாக வழங்கும் நைசு, படிகக்கல், பளிங்காகிய சுண்ணாம்புக்கல் என்பன இத்தொகுதியிற் கலந்து கிடக்கின்றன. இவற்றுட் பல, மிகப் பழங்காலத்திலே மணலாகவும் சேறாகவும் சுண்ணாம்புப் படிவாகவும் நீரின்கீழ்ப் படிந்தவையே. பின்னர் அவை புவியோட்டினுள் ஆழப் புதையுண்டு, பெருவெப்பத்திற்கும் பேரழுத்தத்திற்கும் உட்பட்டுத் தம் முன்னையுருவை முற்றாக இழந்தன. இவ்வுருமாற்றம் ஏறக்குறைய 60 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது.

பூச்சியினத்தின் மிகப் பழைய சுவடுகளுக்கு வயது ஏறக்குறைய 41 கோடி ஆண்டுகளே. எனவே ஊவாவின் பாறைகளிற் பூச்சிச் சுவடு இல்லாமைக்கு இரு காரணங்கள் உள. இப்பாறைகள் உருவான நாளில் உலகிற் பூச்சியே இல்லை என்பது ஒன்று. வேறு உயிர் ஏதேனும் பதிந்திருப்பினும் அப்பதிவு வெப்பத்தால் அழிந்திருக்கும் என்பது மற்றொன்று. இலங்கையில் உயிர்ச்சுவடு வேண்டுவோர் இம்மலைகளை விட்டு இறங்கிச் செல்லல் வேண்டும். புத்தளத்தை அடுத்த தப்போவப் படிவுகளில் யுராசிக் காலத் தாவரங்களும், யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லில் மயோசீன் காலக் கடலுயிர்களும், இரத்தினபுரி இல்லப் படிவுகளிற் பிற்கால யானை, காண்டாமிருகம், நீர்யானை முதலியவற்றின் எச்சங்களும் கிடைத்துள்ளன. இவையாவும் தொல்லுயிரூழிக்குப் பிற்பட்டவை.

அவ்வாறாயின் மாணவன் கொணர்ந்த கல்லிலிருந்த கரிய கிளைகள் யாவை? பாறையின் நுண்ணிய வெடிப்புக்களிலே நிலத்தடி நீர் ஊறிச் செல்லும்போது, அதிற் கரைந்துள்ள மங்கனீசு ஒட்சைட்டாகப் படிந்து, பாசிபோலவும் இலைபோலவும் கிளைத்து வளரும். இது முற்றும் உயிரற்ற வேதிச் செயல். உலகின் பல பாகங்களிலும் கற்றோரையும் மற்றோரையும் இஃது ஏமாற்றியுள்ளது. இதனையும் உண்மைச் செட்டையையும் வேறுபிரித்தறியும் வழியைச் செட்டையின் அமைப்பை விளக்கியபின் கூறுவேன்.

சுவடு பதிந்த வகை

பூச்சியின் உடலில் எலும்பு இல்லை. கைற்றின் என்னும் பொருளாலான புறவன்கூடே அதற்குக் கவசம். பூச்சி இறந்ததும் மென்பாகங்கள் விரைவில் அழுகும். எறும்பும் பற்றீரியாவும் எஞ்சியதைத் தீர்க்கும். பெரும்பாலும் செட்டையே எஞ்சும். அஃது உலர்ந்தது, ஊட்டமற்றது, பூச்சியை உண்ணும் விலங்குகளும் விலக்கிவிடுவது. மாரிக்காலத்து விளக்கடியில் ஈசல்கள் உதிர்த்த செட்டைகள் மறுநாட் காலையிற் குவிந்து கிடப்பதை நாமெல்லாம் கண்டிருக்கிறோம். ஈசலின் உடல்களைக் காண்பது அரிது. பழங்காலச் சதுப்புநிலங்களிலும் இதுவே நிகழ்ந்தது. நீரில் வீழ்ந்த செட்டை மெல்ல அமிழ்ந்து நுண்ணிய சேற்றிற் பதிந்தது, மேலும் மேலும் படிந்த சேறு அதனை மூடியது, சேறு கல்லாயிற்று. தொல்பூச்சியியல் பெரும்பாலும் செட்டையியலாகவே வளர்ந்ததன் காரணம் இதுவே.

இவ்வாறு பதிவுகள் நிறைந்த இடங்கள் உலகிற் சிலவே. பிரான்சின் கொமொந்திரி நிலக்கரிச் சுரங்கம், அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து மேசன் கிறீக், கன்சாசு மாநிலத்து எல்மோ, உரூசியாவின் ஊரல் மலைச்சாரலிலுள்ள செக்கார்டா என்பன அவற்றுட் புகழ்பெற்றவை. மேசன் கிறீக்கில் இரும்புக் காபனேற்று உறைந்து திரண்ட உருண்டைக் கற்களைப் பிளந்தால், உள்ளே உயிரின் வடிவம் இருபாதியாகப் பதிந்திருக்கும்.

இவற்றினும் பழையது சுகொத்லாந்தின் இரைனி என்னுமிடத்துச் சிலிக்காக் கல். தெவோனியன் காலத்து வெந்நீரூற்றொன்று, தன் கரையிலிருந்த சிறு செடிகளையும் சிற்றுயிர்களையும் சிலிக்காவால் உறையச் செய்தது. அங்கு கிடைத்த கணுக்காலிகளை 1926ஆம் ஆண்டில் விரித்துரைத்த இருவருள் ஒருவர் வங்காளத்தவரான சமரேந்திர மௌலிக். மற்றவர் ஆங்கிலேயரான இசுத்தான்லி ஏர்சுற்று. அவர்கள் விரித்துரைத்த இரைனியெல்லா என்னும் துள்ளுயிரி, பூச்சிகளுக்கு நெருங்கிய உறவாகிய ஆறுகாலி. அதே கல்லிற் காணப்பட்ட இரு தாடைகளுக்கு 1928இல் தில்யார்டு என்பார் இரைனியோநாதா என்று பெயரிட்டார். 2004ஆம் ஆண்டில் அத்தாடைகளை மீண்டும் ஆராய்ந்தோர், அவை உண்மைப் பூச்சிக்குரியவை, செட்டையுள்ள பூச்சிக்கே உரியனவாகலாம் என்றனர். 2017இல் வேறிருவர், அவை பூரானினத்திற்கு உரியனவாகலாம் என்று மறுத்தனர். இரண்டு சிறு தாடைகளைக் கொண்டு பூச்சியினத்தின் தொடக்கத்தையே அளக்கவேண்டியிருக்கும் நிலையைக் காண்க.

உடலமைப்பு

இன்றைய பூச்சியைப் போன்றே தொல்லுயிரூழிப் பூச்சிக்கும் தலை, நெஞ்சறை, வயிறு என உடல் மூன்றாகவே பிரிந்திருந்தது. தலையில் ஓரிணை உணர்கொம்புகளும் கூட்டுக்கண்களும், நெஞ்சறையில் மூவிணைக் கால்களும் அமைந்திருந்தன. மூச்சு வாதனாளிகள் வழியே நிகழ்ந்தது. ஆயினும் இன்றுள்ள எப்பூச்சியிலும் காணப்படாத உறுப்புக்கள் சில அவற்றிற்கு இருந்தன.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பேலியோதிக்தியோத்தெரா என்னும் வருணத்துப் பூச்சிகள். பழம் வலைச்செட்டையின என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். கொமொந்திரியிற் கிடைத்த இசுத்தெனோதிக்தியா இவ்வருணத்தைச் சார்ந்தது. இதன் நெஞ்சறையின் இரண்டாம், மூன்றாம் வளையங்களில் ஏறக்குறைய ஒத்த அளவுள்ள நான்கு செட்டைகள் இருந்தன. இவையன்றி, முதல் வளையத்தின் இருபுறத்திலும் நரம்போடிய சிறு மடல்கள் இரண்டு நீட்டியிருந்தன. மேலோட்டமாகக் காண்பவர்க்கு இஃது ஆறு செட்டையுள்ள பூச்சியாகவே தோன்றும். அம்மடல்கள் பறத்தற்குப் பயன்பட்டிருக்கமாட்டா. வயிற்றின் இறுதியிலிருந்து நீண்ட வாலிழைகள் இரண்டு பின்னோக்கிச் சென்றன.

வாயுறுப்பு இன்னும் வியப்பிற்குரியது. இவற்றின் தலையினின்றும் கூரிய அலகொன்று கீழ்நோக்கி நீண்டிருந்தது. தாவரங்களைத் துளைத்துச் சாற்றையும் வித்திகளையும் உண்பதற்கு அது பயன்பட்டது. 1866ஆம் ஆண்டிலேயே செருமனியின் பேர்மியன் பாறையிற் கிடைத்த இயூகெரியோன் என்னும் பூச்சியை விரித்துரைத்த தோர்ன் என்பார், தும்பியை நிகர்த்த செட்டையும் மூட்டைப்பூச்சியினத்தை நிகர்த்த அலகும் ஒரே உடலில் இருக்கக் கண்டு திகைத்தார். எந்த வருணத்தில் வைப்பது? செட்டையை நோக்கினால் ஒன்று. வாயை நோக்கினால் மற்றொன்று. இப்பூச்சி இவ்விரண்டிற்கும் உரியதன்று, தனக்கென ஒரு வருணமுடையது என்பது பின்னரே தெளிவாயிற்று.

செட்டை நரம்புகள்

செட்டை என்பது இரு மெல்லிய படைகள் ஒட்டிய தகடு. அப்படைகளினிடையே குழாய்கள் ஓடுகின்றன. அவற்றையே நரம்பு என்கிறோம். முன்விளிம்பிலிருந்து பின்னோக்கிச் செல்ல, விளிம்பு நரம்பு, கீழ்விளிம்பு நரம்பு, ஆரை நரம்பு, நடு நரம்பு, முழங்கை நரம்பு, குத நரம்பு என்னும் ஒழுங்கில் அவை அமைந்துள்ளன. எல்லாப் பூச்சிகளின் செட்டைகளுக்கும் இவ்வொழுங்கே அடிப்படை என்பதை அமெரிக்கரான கொம்சுதொக்கும் நீதாமும் 1898, 1899ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் நாட்டினர். அதன்பின் ஒரு பூச்சியின் நரம்பை மற்றொன்றின் நரம்போடு பெயர் சொல்லி ஒப்பிட முடிந்தது.

நம் தோட்டங்களில் லயன்களின் மேலுள்ள கூரைத் தகரத்தை நோக்குக. தட்டையாயிருப்பின் தன் பாரத்தாலேயே வளைந்துவிடக்கூடிய மெல்லிய தகடு, முகடும் பள்ளமுமாக நெளிந்திருப்பதால் உறுதி பெறுகின்றது. தும்பியின் செட்டையும் அத்தகையதே. ஒரு நரம்பு முகட்டிலும் அடுத்தது பள்ளத்திலுமாக மாறிமாறிச் செல்லும். தொல்லுயிரூழிச் செட்டைகளில் இந்நெளிவு மிகத் தெளிவாக உள்ளது. முகட்டு நரம்பு எது, பள்ளத்து நரம்பு எது என்று பார்த்து, கிளைகள் சிதைந்த செட்டையிலும் நரம்பின் பெயரை அறிஞர் உறுதிசெய்வர். பெருநரம்புகளினிடையே மீன்வலைபோன்ற நுண்ணிய பின்னலும் உண்டு. பேலியோதிக்தியோத்தெராவில் இது மிகச் செறிவானது.

இப்போது என் பிழை எங்கே நிகழ்ந்தது என்பதை மாணவர் தாமே காண்பர். செட்டை நரம்புகள் ஓர் அடியினின்றும் புறப்பட்டு வரிசை தவறாது செல்லும், குறுக்கு நரம்புகளால் ஒன்றோடொன்று இணையும், முகடும் பள்ளமுமாக மாறும், எல்லையொன்றினுள் அடங்கும். மங்கனீசுக் கிளைகளோ வெடிப்பின் ஓரத்தினின்றும் புறப்பட்டு, கிளைத்துக் கிளைத்துச் செல்லுமேயன்றி வலையாக இணையா, அவற்றில் நெளிவு இல்லை, எல்லைக்கோடும் இல்லை. கைக்கண்ணாடியொன்றும் பத்து நிமிடப் பொறுமையும் இருந்திருந்தால் அன்றே யான் உண்மை கண்டிருப்பேன். காண விரும்பியதைக் கண்டேன், இருப்பதைக் காணவில்லை.

பாகுபாடு

செட்டையுள்ள பூச்சிகளை உரூசிய அறிஞரான மர்தீனொவ் என்பார் 1920களில் இருபெரும் பிரிவாக வகுத்தார். செட்டையை வயிற்றின்மேற் பின்னோக்கி மடித்துக் கிடத்த இயலாதவை பழஞ்செட்டையின. அவ்வாறு மடிக்க வல்லவை புதுச்செட்டையின. இவ்வேறுபாட்டைப் பதுளையிலேயே காணலாம். பதுளு ஓயாவின் கரையிற் புல்நுனியில் அமர்ந்துள்ள தட்டாரத் தும்பி, இளைப்பாறும்போதும் செட்டைகளை இருபுறமும் விரித்தே வைத்திருக்கும். சமையலறைக் கரப்பானோ செட்டைகளை முதுகின்மேல் மடித்து, விறகினிடையே நுழைந்துவிடும். செட்டையின் அடியிலுள்ள சிறு தகடொன்றும் அதனை இழுக்கும் தசையும் இம்மடிப்பை நிகழ்த்துகின்றன. மடிக்கக் கற்ற பூச்சி, மரப்பட்டையின் கீழும் கல்லிடுக்கிலும் உதிர்ந்த இலைகளினுள்ளும் வாழும் உரிமை பெற்றது. இன்றுள்ள பூச்சியினங்களிற் பெரும்பான்மையின புதுச்செட்டையின.

ஊசித்தட்டான் செட்டைகளை மேலே ஒன்றுசேர்த்து வைக்கின்றதே என்று மாணவர் வினவலாம். அது செட்டைகளை நிமிர்த்திச் சேர்க்கின்றதேயன்றி, கரப்பானைப்போலத் திருப்பி மடிப்பதில்லை. ஆயினும் இயற்கை நம் வகுப்புக்களுக்கு முற்றும் கட்டுப்படுவதன்று. அலகுடைய தொல்பூச்சிகளுள் தயபனோத்தெரோதியா என்னும் வருணத்தன, புதுச்செட்டையினத்தோடு சேராமலே, செட்டை மடிக்கும் வழியைத் தனித்துக் கண்டன.

தொல்லுயிரூழியின் முக்கிய கூட்டங்களை இவ்வாறு சுருக்கிக் கூறலாம். பழஞ்செட்டையினவற்றுள் அலகுடைய பேலியோதிக்தியோத்தெராவும் அதன் உறவாகிய மெகாசெக்கொத்தெராவும், இன்றும் வாழும் ஒருநாட்பூச்சிகளின் மூதாதையரும், தும்பிகளின் உறவினரும் அடங்குவர். புதுச்செட்டையினவற்றுள் கரப்பானை நிகர்த்தவையும், வெட்டுக்கிளியினத்தின் முன்னோரும், மூட்டைப்பூச்சியினத்தின் முன்னோரும், முழு உருமாற்றமுடைய வண்டு முதலியவற்றின் முன்னோரும் அடங்குவர். பேர்மியன் காலத்திலே வண்டுகள் தெளிவாகத் தோன்றிவிட்டன.

இப்பாகுபாடு ஒரே நாளில் அமைந்ததன்று. 1906 முதல் 1908 வரை வெளிவந்த பெருநூலில் அதுவரை அறியப்பட்ட தொல்பூச்சிகளையெல்லாம் தொகுத்தவர் ஒசுத்திரியரான அந்தன் ஆன்திலீர்சு. பேலியோதிக்தியோத்தெராவே செட்டையுள்ள பூச்சிகள் அனைத்திற்கும் தாய் என்றும், பூச்சியினம் திரைலோபைற்று என்னும் கடலுயிரினின்றும் தோன்றியது என்றும் அவர் கருதினார். இவ்விரண்டும் இன்று ஏற்கப்படுவதில்லை. சிறப்பாக அமைந்த அலகையுடைய உயிர், அலகில்லாத கரப்பானுக்கும் வண்டுக்கும் தாயாதல் பொருந்தாது. அது பக்கத்தே பிரிந்து சென்று அழிந்த கிளை. கொள்கை வீழ்ந்தபோதும், அவர் அளந்து வரைந்து பெயரிட்ட செட்டைகள் இன்றும் பயன்படுகின்றன.

பொதுமக்களிடையே வழங்கும் தவறொன்றையும் ஈண்டுச் சுட்டல் தகும். கரப்பான் முப்பது கோடி ஆண்டுகளாக மாற்றமின்றி வாழ்கிறது என்பர். காபனிபெரசுக் காலத்துக் கரப்பானொத்த பூச்சிகளுக்குக் கேடயம்போன்ற முன்நெஞ்சும் தோல்போன்ற முன்செட்டையும் இருந்தன என்பது உண்மையே. ஆனால் அவற்றின் பெண்களுக்கு வயிற்றின் நுனியில் நீண்ட முட்டையிடு கருவி வெளியே நீட்டியிருந்தது. முட்டைகளைக் கூடொன்றிற் பொதிந்து வைக்கும் இக்காலக் கரப்பானுக்கு அக்கருவி குறுகி உட்சென்றுவிட்டது. எனவே அவை கரப்பானின் மூதாதையர்க்கு உறவானவையேயன்றிக் கரப்பான்கள் அல்ல. நம் தேயிலைச் செடியையும் வீட்டு மரத்தையும் அரிக்கும் கறையான் எறும்பிற்கு உறவன்று, கரப்பான் குடும்பத்தின் ஒரு கிளையே என்பதும் இவ்வாராய்ச்சியாற் பெறப்பட்ட உண்மை.

பேருருவம்

கொமொந்திரியிற் கிடைத்த பெருந்தும்பிக்குச் சாள்சு புரொன்னியார் 1885இல் மெகானியூரா என்று பெயரிட்டார். அதன் விரித்த செட்டைகளின் அகலம் ஏறக்குறைய 65 முதல் 70 சென்ரிமீற்றர். எல்மோவின் பேர்மியன் பாறையிற் கிடைத்து 1939இல் காப்பென்ரரால் விரித்துரைக்கப்பட்ட மெகானியூரொப்சிசு, ஏறக்குறைய 71 சென்ரிமீற்றர் அகலமுடையது. இன்று வாழும் தும்பியினத்துட் பெரியதாகிய மத்திய அமெரிக்க ஊசித்தட்டானின் அகலம் ஏறக்குறைய 19 சென்ரிமீற்றரே.

மெகானியூராவைத் தும்பி என்பது பேச்சு வழக்கேயாம். தும்பியொன்றின் செட்டையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால், முன்விளிம்பின் நடுவே முறிந்து ஒட்டினாற்போன்ற கணுவொன்றும், நுனிக்கருகே நிறம்பெற்ற பொட்டொன்றும் தெரியும். மெகானியூராவின் செட்டையில் இவ்விரண்டும் இல்லை. ஆகவே அது தும்பிகளுக்குத் தாயாதியாகிய தனி வருணமாகும்.

இத்துணைப் பருத்ததன் காரணம் யாது? காபனிபெரசுக் காலத்துப் பெருங்காடுகள் சேற்றிற் புதைந்து நிலக்கரியாயின. அவற்றின் காபன் மண்ணுட் சென்றதால் வளியில் ஒட்சிசன் மிகுந்தது. இன்று 21 சதவீதமாகவுள்ள ஒட்சிசன் அன்று 30 சதவீதமளவில் இருந்ததென மதிப்பிடுவர். வாதனாளி வழியே மூச்சுவிடும் பூச்சிக்கு, உடல் பருக்கப் பருக்க உள்ளுறுப்புக்களை ஒட்சிசன் சென்றடைதல் அரிதாகும். வளியில் அது மிகுந்திருப்பின் அத்தடை தளரும். வானிற் பறவை முதலிய பகையில்லாமையும் உடன் காரணமாகலாம். பூச்சிகளின் உருவளவையும் ஒட்சிசன் அளவையும் ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வு, முதல் 15 கோடி ஆண்டுகளாக இரண்டும் இணைந்து சென்றதையும், பறவைகள் தோன்றியபின் அவ்விணைப்பு அற்றதையும் காட்டியது.

செட்டை எவ்வாறு தோன்றியது என்பது இன்றும் முடியாத வழக்கு. மிகப் பழைய செட்டைப் பூச்சிகளுள் ஒன்றாகிய, செருமனியின் பித்தர்பெல்டிற் கிடைத்த தெலித்சாலாவின் வயது ஏறக்குறைய 32½ கோடி ஆண்டு. அது செட்டை முற்றும் வளர்ந்த பேலியோதிக்தியோத்தெரா. நெஞ்சறை முதுகோட்டின் ஓரமே விரிந்து செட்டையாயிற்று என்பார் ஒருசாரார். காலடியிலிருந்த கிளையுறுப்பே செட்டையாயிற்று என்பார் மற்றொருசாரார். தொல்பூச்சி அணங்குகளின் செட்டை முளைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரை, இரண்டும் கூடியே செட்டை அமைந்தது என்னும் கருத்திற்குத் துணைநின்றது. பாதிச் செட்டையுள்ள பூச்சியின் சுவடு கிடைத்தாலன்றி இவ்வழக்குத் தீராது.

கோண்டுவானாவின் சான்று

இலங்கை அந்நாளிற் தனித் தீவன்று. இந்தியா, மடகாசுகர், அந்தாட்டிக்கா என்பவற்றினிடையே கோண்டுவானா என்னும் பெருநிலத்தின் அகத்தே கிடந்தது. மெகானியூரா வெப்பச் சதுப்பிற் பறந்த காலத்தில், கோண்டுவானாவின் பெரும்பாகங்களைப் பனிக்கட்டி மூடியிருந்தது; ஒறிசாவின் தாலச்சீர்ப் படிவுகள் அதற்குச் சான்று. பனி உருகியபின் குளொசொப்தெரிசு என்னும் நாக்கிலை மரக்காடுகள் பரவின. இந்திய நிலக்கரி அம்மரங்களின் எச்சமே. அவ்விலைச் சுவடுகளிற் பூச்சிகள் கடித்த வடுக்களும் காணப்பட்டுள்ளன. காசுமீரத்துப் பேர்மியன் படிவுகளிற் கிடைத்த கரப்பானொத்த பூச்சியின் செட்டைக்குக் கோண்டுவானோபிளாற்றா என்று ஆன்திலீர்சு பெயரிட்டார். நம் தென்னாசியாவின் தொல்லுயிரூழிப் பூச்சியைக் காண விழைவோர்க்கு அதுவே நெருங்கிய உறவு.

பேர்மியன் காலத்தின் இறுதியில், சைபீரியாவில் எழுந்த பேரெரிமலைக் குழம்பினைத் தொடர்ந்து, உயிர்வகைகள் பேரளவில் அழிந்தன. பல இடையூறுகளைத் தாங்கிய பூச்சியினம் தன் பேரழிவைக் கண்டது அப்போதே. அலகுடைய பழஞ்செட்டையினப் பூச்சிகள் அனைத்தும் மறைந்தன. அன்று பலவாயிருந்த பழஞ்செட்டையினத்துள் இன்று எஞ்சியவை ஒருநாட்பூச்சியும் தும்பியும் மாத்திரமே.

முடிவுரை

மாண்ட பூச்சியை வகுத்தறிவதால் மலைநாட்டிற்கு ஆவதென்ன? இலினோய் நிலக்கரியிலுள்ள காபனிபெரசுக் காலப் பன்னமரத் தண்டுகளைப் பூச்சிகள் துளைத்த வடுக்களை அறிஞர் கண்டுள்ளனர். தண்டைத் துளைக்கும் தொழில் அத்துணைப் பழையது. நம் தேயிலைக் கிளைகளைத் துளைத்து, அத்துளையிற் பூஞ்சணம் வளர்த்து உண்ணும் சிறு வண்டிற்கு, இலங்கையிற் கிடைத்த மாதிரியைக் கொண்டு 1868இல் ஐக்கோவ் பெயரிட்டார். அது ஓரினம் என்றே நெடுங்காலம் கொள்ளப்பட்டது. உருவால் வேறுபடுத்த அரிய பல இனங்களின் தொகுதி அது என்பதை 2018, 2019ஆம் ஆண்டுகளின் ஆய்வுகள் தெளிவாக்கின. எவ்வினம் எச்செடியைத் தாக்கும் என்பதை அறியாதார் மருந்தும் மாற்றும் தேடுதல், நோயறியாது மருந்து கொடுத்தலை ஒக்கும். கல்லிலுள்ள செட்டையை நுணுகிநோக்கும் கண்ணே, கிளையிலுள்ள வண்டையும் வேறுபிரித்தறியும்.

ஆய்கூட அலுமாரியில் அக்கல் இன்றும் உளது. அதன் பழைய பெயர்ச்சீட்டை அகற்றாது, கீழே திருத்தச் சீட்டொன்றை ஒட்டிவைத்துள்ளேன். ஆசிரியனும் பிழைசெய்வான் என்பதை மாணவர் அறிதல் நன்று. கல்லைக் கொணர்ந்தவனை அண்மையிற் பதுளைப் பேருந்து நிலையத்திற் கண்டேன். உண்மையைச் சொன்னேன். அவன் வருந்தவில்லை, சற்றுச் சிந்தித்து, "அப்படியானால், ஐயா, அந்தக் கல் எல்லாப் பூச்சிகளுக்கும் மூத்ததா?" என்று கேட்டான். "ஆம், மூத்ததே" என்றேன். இம்முறை யான் கூறிய விடையிற் பிழையில்லை.